பிறவிக் குணம் எந்த வழியாக வருகிறது?

பழ ஈ தன் கூட்டுப்புழு உறையைப் பிளந்துகொண்டு வெளியே வருவதற்கென்று ஒரு நேரம் உண்டு: விடியற்காலை. காற்றில் ஈரம் இருக்கும் அந்த நேரத்தில் வந்தால்தான் புது இறக்கை காய்ந்து போவதற்குள் முழுதாக விரியும். இதில் வியப்பு என்னவென்றால், ஈ வளரும் குப்பியை முழு இருட்டில் வைத்தாலும் ஈ ஏறக்குறைய அதே நேரத்தில்தான் வெளியே வரும். வெளிச்சத்தைப் பார்த்து அது பொழுதை அறியவில்லை. பொழுது அதன் உடம்புக்குள்ளேயே இருக்கிறது.

1960களின் இறுதியில் கலிஃபோர்னியாவின் கால்டெக் நிறுவனத்தில், சீமோர் பென்சரின் ஆய்வகத்தில் ரான் கொனொப்கா என்ற மாணவர் நேரம் தவறும் ஈக்களைத் தேட ஆரம்பித்தார். ஆண் ஈக்களுக்கு டிஎன்ஏவில் பிறழ்வு உண்டாக்கும் ரசாயனத்தைக் கொடுத்து, அவற்றின் வம்சத்தில் எவை வேளை கெட்ட வேளையில் பிறக்கின்றன என்று பார்ப்பதுதான் அவர் வேலை. மூன்று வகைகள் அகப்பட்டன. ஒன்றுக்குக் காலக்கணக்கே கிடையாது, எப்போது வேண்டுமானாலும் வரும். இன்னொன்றின் நாள் 19 மணி நேரத்தில் முடிந்துவிடும். மூன்றாவதன் நாள் 28 மணி நேரம் நீளும். எந்தக் குரோமோசோமில் கோளாறு என்று தேடிப் போனால், மூன்றும் எக்ஸ் குரோமோசோமில் ஒரே இடத்தைக் காட்டின. ஒரே மரபணு, அதில் மூன்று விதமான பிறழ்வு. 1971இல் இது வெளியானது. அந்த மரபணுவுக்குப் ‘பீரியட்’ என்று பெயர் வைத்தார்கள்.

நடத்தை உயிரியலில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இது. எப்போது எழுவது, எப்போது அடங்குவது என்பது ஒரு நடத்தை. அது ஒற்றை மரபணுவில் தொங்கிக்கொண்டிருக்க முடியும் என்று அன்றைக்குப் பெரிய மேதைகள்கூட எளிதில் நம்பவில்லை. ஆனால் இந்தக் கதையை நான் திரும்பத் திரும்பப் படிப்பதற்குக் காரணம் வேறு. அந்த மரபணு உண்மையில் என்னதான் செய்கிறது என்று அடுத்த முப்பது ஆண்டுகள் தோண்டிக்கொண்டே போனார்களே, அதுதான்.

1984இல் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஹாலும் மைக்கேல் ராஸ்பாஷும், ராக்கஃபெல்லரில் மைக்கேல் யங்கும் அந்த மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். (மூவருக்கும் 2017இல் நோபல் பரிசு கிடைத்தது. கொனொப்கா 2015இலேயே காலமாகிவிட்டார்.) பீரியட் மரபணு ஒரு புரதத்தைச் செய்கிறது. அந்தப் புரதம் இரவு முழுக்கச் செல்லில் சேர்கிறது. போதுமான அளவு சேர்ந்ததும் செல்லின் கருவுக்குள் நுழைந்து, தன்னைச் செய்யும் மரபணுவையே நிறுத்திவிடுகிறது. பிறகு புரதம் சிதைந்து தீர்கிறது, தடை விலகுகிறது, மரபணு மறுபடி வேலையைத் தொடங்குகிறது. ஒரு சுற்றுக்கு ஒரு நாள். அந்தப் புரதம் எவ்வளவு வேகமாகச் சிதைய வேண்டும் என்று அதன்மேல் குறி வைக்க ஒரு நொதி இருப்பதை 1998இல் யங்கின் ஆய்வகம் கண்டுபிடித்தது.

இதற்கிடையில் வேறு ஓர் ஆய்வகத்தில், 22 மணி நேர நாளோடு ஒரு ஹாம்ஸ்டர் (எலி போன்ற சிறு பிராணி) அகப்பட்டிருந்தது. பிறழ்வுற்ற மரபணுவின் ஒரு பிரதி இருந்தால் 22 மணி நேரம், இரண்டும் இருந்தால் 20 மணி நேரம். மார்ட்டின் ரால்ஃபும் மைக்கேல் மெனேக்கரும் 1988இல் அதை எழுதினார்கள். 1990இல் அவர்கள் குழு செய்த சோதனை இன்னும் அழுத்தமானது. மூளையின் அடியில், பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, ஒரு சிறு நரம்பணுக் கொத்து இருக்கிறது. சாதாரண ஹாம்ஸ்டரில் அதை அழித்தார்கள். அது கால ஒழுங்கே இல்லாமல் எந்நேரமும் ஓடிக்கொண்டும் தூங்கிக்கொண்டும் இருந்தது. பிறகு பிறழ்வுற்ற கருவிலிருந்து அதே கொத்தை எடுத்து அதன் மூளையில் வைத்தார்கள். ஒழுங்கு திரும்ப வந்தது. ஆனால் அது ஹாம்ஸ்டரின் பழைய 24 மணி நேரம் இல்லை, கொடுத்தவருடைய 20 மணி நேரம். ஒரு சுபாவத்தைக் கையால் எடுத்து இன்னோர் உடலில் வைத்தது போலத்தான் அது. அந்த ஹாம்ஸ்டரில் மாறியிருந்தது எந்த மரபணு என்று 2000இல் தெரிந்தபோது, ஈயில் குறி வைக்கும் நொதியின் உறவுக்கார நொதிதான் அது என்று தெரியவந்தது.

மனிதருக்கு வருவோம். அமெரிக்காவின் யூட்டாவில் உறக்க மருத்துவர் கிறிஸ்டோபர் ஜோன்ஸிடம் ஒரு பெண்மணி வந்தார். மாலை ஏழரை மணிவாக்கில் கண்கள் தாமே செருகிவிடும், விடியும் முன் நாலரைக்கு விழிப்பு வந்துவிடும். உலகமே தூங்கும் நேரத்தில் தனியாக விழித்திருப்பது அவருக்குப் பெரும் வேதனையாக இருந்தது. குடும்பத்தில் இன்னும் பலருக்கும் இப்படித்தான் என்றார். 2001இல் அந்தக் குடும்பத்தில் மாறியிருந்ததைக் கண்டுபிடித்தார்கள். ஈயின் பீரியட் மரபணுவுக்கு மனிதரில் இருக்கும் இணைகளில் ஒன்றில், ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது. அந்த இடம்தான் மேலே சொன்ன நொதி வந்து குறி வைக்கும் இடம்.

ஈ, ஹாம்ஸ்டர், ஒரு மனிதக் குடும்பம். மூன்றும் ஒரே இயந்திரத்தில் வந்து நிற்கின்றன. இவ்வளவு தெளிவான கதை இந்தத் துறையில் அரிது. இருந்தாலும் இங்கேயும் “சீக்கிரம் தூங்கும் மரபணு” என்று எதுவும் இல்லை. மரபணுவுக்குத் தூக்கம் தெரியாது, காலை மாலை தெரியாது. ஒரு புரதத்தின் வரிசையை மட்டும்தான் அது சொல்கிறது. அந்தப் புரதம் செல்லில் கரைய எடுத்துக்கொள்ளும் நேரம், அந்தச் செல் மூளையில் எந்த இடத்தில் இருக்கிறது என்பது, அங்கே கண்ணிலிருந்து வந்து விழும் வெளிச்சம், இவ்வளவையும் தாண்டி வந்த பிறகுதான் ஒருவர் ஏழரை மணிக்குக் கொட்டாவி விடுகிறார். மரபணுவுக்கும் நடத்தைக்கும் நடுவில் உள்ள இந்தப் பாதைதான் எல்லாமே என்பது என் கட்சி. பிறவிக் குணமா, வளர்ப்பா என்று ஒற்றைக் கேள்வி கேட்பவர்கள் இந்தப் பாதையைப் பார்ப்பதே இல்லை.

எங்கள் வீட்டில் அக்கா விடியற்காலை ஆள். எனக்கு இரவு பத்து மணிக்கு மேல்தான் மூளையே திறக்கும். ஒரே தாய் வயிற்றில் பிறந்து, ஒரே அறையில் வளர்ந்தவர்கள் நாங்கள். சிறுவயதில் அவள் “பொறுப்பானவள்”, நான் “சோம்பேறி”. அம்மா கோபத்தில் சொன்னதில்லை, வெறும் வர்ணனையாகத்தான் சொல்வார். எங்களுக்குள் எந்த மரபணு வேறுபடுகிறது என்று யாரும் சோதித்ததில்லை, சோதிக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் பதின்ம வயதில் உடல் கடிகாரம் இயல்பாகவே பின்னுக்குத் தள்ளிப்போகிறது, இருபது வயது வாக்கில்தான் திரும்ப முன்னே வரத் தொடங்குகிறது என்பதெல்லாம் இன்று நன்கு நிறுவப்பட்ட விஷயம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2014இலேயே நடுநிலை, மேல்நிலைப் பள்ளிகள் காலை எட்டரைக்கு முன் தொடங்கக் கூடாது என்று பரிந்துரைத்துவிட்டது. உலகம் முழுக்கப் பிள்ளைகளை அடித்து எழுப்பிக்கொண்டிருக்கும் நமக்கு அது இன்னும் போய்ச் சேரவில்லை. இதை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

தூக்கத்தை விடுங்கள், பசியைப் பாருங்கள். சாப்பாட்டில் கட்டுப்பாடு இல்லாதவர் என்றால் மன உறுதி இல்லாதவர் என்று சொல்லிவிடுவது எவ்வளவு எளிது! 1994இல் ராக்கஃபெல்லரில் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழு லெப்டின் என்ற ஹார்மோனுக்கான மரபணுவைக் கண்டறிந்தது. கொழுப்புச் செல்கள் ரத்தத்தில் விடும் செய்தி அது. ‘சேமிப்பு போதும்’ என்று மூளைக்குச் சொல்லும். 1997இல் கேம்பிரிட்ஜில், லெப்டினே சுரக்காத இரண்டு குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். அவர்களில் ஒரு சிறுமிக்கு ஒன்பது வயதில் எடை 94 கிலோ. சாப்பிட்டு முடித்த உடனே மறுபடி பசிக்கும், உணவைக் கேட்டு அழுவாள். அந்தக் குழந்தையின் மூளையைப் பொறுத்தவரை அவள் பட்டினி கிடந்து செத்துக்கொண்டிருந்தாள். லெப்டின் ஊசி போடத் தொடங்கிய சில நாட்களிலேயே பசி அடங்கியது. ஓராண்டில் 16 கிலோ குறைந்தது. யாரும் அவளுக்கு உறுதி, ஒழுக்கம் எதையும் கற்றுத்தரவில்லை. இல்லாத ஒரு மூலக்கூற்றைத் தந்தார்கள், அவ்வளவுதான்.

இதைச் சொன்னால் உடனே உடல் பருமன் எல்லாமே லெப்டின் குறைபாடு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பருமனாக இருக்கும் பெரும்பாலோர் உடலில் லெப்டின் குறைவாக இல்லை, அதிகமாகவே இருக்கிறது. அவர்கள் விஷயத்தில் பாதை வேறு. ஆனாலும் பசி என்பது உடல் எழுப்பும் ஓர் உந்துதல், அதன் பலம் ஆளுக்கு ஆள் மாறும் என்பதை அந்தச் சிறுமி நிரூபித்துவிட்டாள்.

பாதையைத் தெரிந்துகொள்வதால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் கதை ஒன்று உண்டு. 1934. நார்வேயின் ஆஸ்லோவில் ஒரு தாய் மனவளர்ச்சி குன்றிய தன் இரண்டு குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு மருத்துவர் மருத்துவராக அலைந்தார். இருவரின் சிறுநீரிலும் ஒரு வினோத வாடை வருகிறது, ஏன் என்று கேட்டார். யாரும் காது கொடுக்கவில்லை. கடைசியில் அஸ்பியான் ஃபோலிங் என்ற மருத்துவர், வேதியியலும் படித்தவர், சிறுநீரில் ஃபெரிக் குளோரைடு விட்டுப் பார்த்தார். பழுப்பாக இருக்க வேண்டியது பச்சையாக மாறியது. அந்தப் பச்சையைப் பிடித்துக்கொண்டே போய், பினைல்கீட்டோன்யூரியா என்று பின்னால் பெயர் பெற்ற மரபுநோயைக் கண்டுபிடித்தார். பினைல்அலனின் என்ற அமினோ அமிலத்தை மாற்றும் நொதி அந்தக் குழந்தைகளிடம் வேலை செய்யவில்லை. உணவில் வரும் பினைல்அலனின் தேங்கித் தேங்கி வளரும் மூளையைக் கெடுத்துவிட்டது.

இருபது ஆண்டுகள் கழித்து இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் இதே நோயுள்ள ஒரு சின்னக் குழந்தை. நிற்க மாட்டாள், பேச மாட்டாள், எதிலும் ஆர்வம் இல்லை. அழுதுகொண்டே தலையை முட்டிக்கொள்வாள். அவளுடைய தாய் விடாமல் கேட்டதன் பேரில், ஹோர்ஸ்ட் பிக்கலும் உடன் இருந்தவர்களும் பினைல்அலனின் நீக்கிய உணவைத் தயாரித்துக் கொடுத்தார்கள். மாதங்கள் செல்ல, குழந்தை தவழ்ந்தாள், நின்றாள், நாற்காலியில் ஏறினாள். முட்டிக்கொள்வது நின்றது. இது உணவால்தானா என்று உறுதி செய்ய, தாய்க்குத் தெரியாமல் அந்த உணவில் பினைல்அலனினைத் திரும்பச் சேர்த்தார்கள். சீக்கிரமே அழுகை திரும்பியது, தலையை முட்டுவதும் திரும்பியது, கற்றுக்கொண்டதெல்லாம் கழன்று போயிற்று. தாயிடம் சொல்லாமல் அப்படிச் செய்தது இன்று எந்த அறநெறிக் குழுவும் அனுமதிக்காத காரியம். ஆனால் அந்தக் குழந்தையின் நடத்தை ஒரு மூலக்கூற்றின் அளவோடு சேர்ந்து ஏறி இறங்கியதை உலகம் அன்று பார்த்துவிட்டது.

1960களின் தொடக்கத்தில் ராபர்ட் கத்ரி, பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தை வடிதாளில் எடுத்துச் சோதிக்கும் முறையைக் கொண்டுவந்தார். இன்று பிறந்ததுமே கண்டுபிடித்து, உணவைக் கட்டுப்படுத்தினால் அந்தக் குழந்தை மற்றக் குழந்தைகளைப் போலவே படித்து வளர்கிறது. மரபணு அப்படியே இருக்கிறது, அதில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. மருத்துவம் தலையிட்டது நடுப்பாதையில். “மரபு சார்ந்தது, அதனால் ஒன்றும் செய்ய முடியாது” என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

இனி எண்களுக்கு வருவோம். இங்கேதான் அதிகக் குழப்பம். ஒருகரு இரட்டையருக்கு மரபணுத் தொகுதி ஏறக்குறைய ஒன்றே. இருகரு இரட்டையர் சாதாரண உடன்பிறப்புகளைப் போலச் சராசரியாகப் பாதியைப் பகிர்கிறார்கள். முதல் வகையினர் இரண்டாம் வகையினரைவிட எவ்வளவு அதிகம் ஒத்திருக்கிறார்கள் என்பதை வைத்து, ஒரு பண்பில் மக்களிடையே உள்ள வேறுபாட்டில் மரபின் பங்கைக் கணக்கிடுகிறார்கள். ஐம்பது ஆண்டு இரட்டையர் ஆய்வுகளை 2015இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, 17,804 பண்புகள், ஒரு கோடியே 45 லட்சம் இரட்டைச் சோடிகள். சராசரி மரபுப் பங்கு 49 சதவீதம்.

இந்த 49ஐ எடுத்துக்கொண்டு “என் குணத்தில் பாதி அப்பா அம்மா கொடுத்தது, பாதி நான் சம்பாதித்தது” என்று பேசுகிறார்கள். அது அப்படி இல்லை. தனி ஒருவரைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்வதில்லை. ஒரு கூட்டத்தில், ஒரு காலத்தில், ஆட்களுக்கிடையே உள்ள வேறுபாட்டைப் பற்றி மட்டுமே சொல்கிறது. சூழல் மாறினால் எண்ணும் மாறும். உயரத்தின் மரபுப் பங்கு சுமார் 80 சதவீதம் என்கிறார்கள். ஆனாலும் தென்கொரியப் பெண்களின் சராசரி உயரம் ஒரு நூற்றாண்டில் 20 சென்டிமீட்டர் கூடியிருக்கிறது. அவர்களுடைய மரபணு மாறிவிடவில்லை, சாப்பாடும் ஆரோக்கியமும் மாறின.

இதைவிடக் கூர்மையான சிந்தனைச் சோதனை ஒன்றை கிறிஸ்டோபர் ஜெங்க்ஸ் என்ற சமூகவியலாளர் 1972இல் வைத்தார். செம்பட்டை முடி உள்ள குழந்தைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்காத ஒரு நாட்டைக் கற்பனை செய்யுங்கள். அங்கே செம்பட்டை முடிக்காரர்களுக்கு வாசிக்கத் தெரியாது. முடியின் நிறம் மரபணுவால் வருவது. இரட்டையர் ஆய்வு செய்தால் வாசிக்கும் திறனில் மரபின் பங்கு பெரிதாகத் தெரியும். கணக்கில் பிழையே இல்லை. ஆனால் அந்தப் பாதை மூளை வழியாகப் போகவில்லை, பள்ளிக்கூட வாசலில் நின்ற காவலாளி வழியாகப் போகிறது. நிறத்தையோ பிறப்பையோ பாலினத்தையோ வைத்து மனிதரைத் தடுக்கும் எந்த சமூகத்திலும் இந்த எண்களை வாசிக்கும்போது இதை மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

வைத்திராதவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்கு வரலாறு இருக்கிறது. 1927இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கேரி பக் என்ற இளம்பெண்ணைக் கட்டாயமாகக் கருத்தடை செய்ய அனுமதித்தது. “மூன்று தலைமுறை மூடர்கள் போதும்” என்று நீதிபதி ஹோம்ஸ் எழுதினார். தாய், மகள், பேத்தி மூவரும் மரபிலேயே அறிவு குன்றியவர்களாம். உண்மையில் கேரி வளர்ப்புக் குடும்பத்தின் உறவினன் ஒருவனால் வன்புணர்வுக்கு ஆளாகிக் கருவுற்றவர். “மூன்றாம் தலைமுறை மூடர்” என்று எழுதப்பட்ட குழந்தை விவியன், பின்னர் பள்ளியில் நன்றாகப் படிப்போர் பட்டியலில் இடம்பெற்றாள். எட்டு வயதில் இறந்துவிட்டாள். அமெரிக்காவில் அந்த வகைச் சட்டங்களின்கீழ் 60,000க்கும் அதிகமானோர் கருத்தடை செய்யப்பட்டார்கள்.

அந்தக் காலம் போய்விட்டது, ஆனால் ஒரு மரபணுவையும் ஒரு குணத்தையும் நேராக முடிச்சுப் போடும் ஆசை போகவில்லை. 1993இல் ஒரு டச்சுக் குடும்பத்தில், மூளையின் வேதிப்பொருட்களைச் சிதைக்கும் எம்ஏஓஏ என்ற நொதி முற்றிலும் இல்லாத ஆண்களைப் பற்றி ஹான் புரூனர் எழுதினார். திடீர் வன்முறை அவர்களிடம் இருந்தது. அது மிக அரிதான நிலை. ஆனால் அதே மரபணுவின் சாதாரண, கோடிக்கணக்கானவர்களிடம் இருக்கும் ஒரு வடிவத்துக்கு ஊடகங்கள் “போர்வீரன் ஜீன்” என்று பட்டம் கட்டிவிட்டன. 2009இல் இத்தாலியின் டிரியெஸ்டெ மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு கொலைக் குற்றவாளியின் மரபணுச் சோதனை முடிவைக் கருத்தில் கொண்டு தண்டனையில் ஓராண்டைக் குறைத்தது. மனச்சோர்வுக்கும் இதே கதைதான். இந்த மரபணு, அந்த மரபணு என்று இருபது ஆண்டுகளாக நூற்றுக்கணக்கான கட்டுரைகள். 2019இல் அதிகம் பேசப்பட்ட 18 மரபணுக்களை லட்சக்கணக்கானவர்களின் தரவில் வைத்துப் பார்த்தால், குருட்டாம்போக்கில் எடுத்த வேறு மரபணுக்களைவிட அவை எந்த வகையிலும் மேலாக இல்லை. சிறிய மாதிரி, பெரிய தலைப்பு. ஒரு துறை இவ்வளவு காலத்தை அதில் தொலைத்தது வருத்தமான விஷயம், ஆனால் தன்னைத் தானே சோதித்து அதை ஒப்புக்கொண்டதும் அதே துறைதான்.

இன்று படம் வேறு. பொதுவான குணங்கள் ஆயிரக்கணக்கான மரபணு வேறுபாடுகளின் துளித்துளித் தாக்கத்தால் ஆனவை. எத்தனை ஆண்டு படித்தார்கள் என்பதை வைத்து 30 லட்சம் பேரிடம் 2022இல் செய்த ஆய்வில், மரபணுத் தொகுதியில் அதோடு தொடர்புள்ள 3,952 இடங்கள் கிடைத்தன. எல்லாவற்றையும் கூட்டினாலும் வேறுபாட்டில் 12 முதல் 16 சதவீதம்தான் விளங்குகிறது. ஒரே வீட்டு உடன்பிறப்புகளுக்குள் ஒப்பிட்டால் அந்தத் தாக்கமும் ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. ஏன்? ஐஸ்லாந்தில் 2018இல் அகஸ்டின் காங் குழு செய்த ஆய்வு இதற்கு ஒரு விடையைத் தந்தது. பெற்றோரின் மரபணுக்களில் பாதிதான் குழந்தைக்கு வருகிறது. வராமல் போன மற்றப் பாதியை எடுத்துப் பார்த்தார்கள். அதுவும் குழந்தையின் படிப்பை முன்கூட்டிச் சொன்னது, வந்த பாதியின் தாக்கத்தில் சுமார் 30 சதவீதம் அளவுக்கு. குழந்தையின் உடலில் இல்லவே இல்லாத மரபணு! அது பெற்றோரை ஒரு விதமாக ஆக்கியது, பெற்றோர் வீட்டை ஒரு விதமாக ஆக்கினார்கள், வீடு குழந்தையை ஆக்கியது. மரபையும் வளர்ப்பையும் இரண்டு பக்கமாகப் பிரித்து வைத்தவர்கள் இதை எந்தப் பக்கத்தில் போடுவார்கள்?

சூழல் மரபணுவின் உள்ளேயே போய் வேலை செய்யும் என்பதற்கு எனக்குத் தெரிந்த மிக அழகான உதாரணம் மீண்டும் பழ ஈயிலிருந்துதான் வருகிறது. அதன் புழுக்களில் இரண்டு வகை உண்டு. ஒரு வகை உணவின் மீது நீண்ட தடம் போட்டுக்கொண்டு அலைந்து தின்னும். இன்னொன்று இருந்த இடத்திலேயே தின்னும். டொராண்டோவில் மார்லா சோகொலோவ்ஸ்கி இதைக் கண்டார். இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு நொதியைச் செய்யும் ஒற்றை மரபணு என்று 1997இல் உறுதியானது. ஆனால் அலையும் வகையைப் பட்டினி போட்டால் அதுவும் உட்கார்ந்து தின்னும் வகையாக நடந்துகொள்கிறது. இதே மரபணு தேனீயிலும் உண்டு. இளம் தேனீ கூட்டுக்குள்ளேயே குஞ்சுகளைப் பார்த்துக்கொள்ளும். வயதானபின் வெளியே பறந்து தேன் தேடப் போகும். அப்படி வேலை மாறும்போது அதன் மூளையில் இந்த மரபணுவின் செயல்பாடு கூடுகிறது. ஈயில் பிறவி வேறுபாடாக இருப்பது, தேனீயில் ஒரே உயிரின் வாழ்க்கையில் வரும் பருவ மாற்றமாக இருக்கிறது. கூட்டுக்கு ஆள் தேவைப்பட்டால் இளம் தேனீயிலும் அது முன்னதாகவே கூடிவிடும்.

இவ்வளவு சொல்லியும் ஒன்று மிச்சம் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் இதைப் பேசுவதே இல்லை. ஒரே மரபணு, ஒரே சூழல், அப்படியும் இரண்டு உயிர்கள் வேறு வேறாகின்றன. அமேசான் மோலி என்று ஒரு மீன் இனம் உண்டு, அனைத்தும் பெண், தாயின் நகலாகவே குஞ்சு ஈனுபவை. குஞ்சுகளைப் பிறந்த அன்றே பிரித்து, ஒரே மாதிரித் தொட்டிகளில் ஒரே மாதிரி வளர்த்தாலும் அவற்றின் சுறுசுறுப்பு வேறுபட்டது என்று 2017இல் காட்டினார்கள். 2020இல் கெர்ட் லின்னவேபரும் பாசெம் ஹாசனும் பழ ஈயில் அதற்கான இடத்தையே தொட்டுக் காட்டினார்கள். எட்ட முடியாத இரண்டு கோடுகளுக்கு நடுவே ஈயை நடக்க விட்டால், சில ஈக்கள் நூல் பிடித்தாற்போல் நேராக நடக்கும், சில அங்கும் இங்கும் அலையும். நாள் கடந்தாலும் அந்தந்த ஈயின் பழக்கம் மாறுவதில்லை. பார்வைக்கான ஒரு நரம்பணுக் கூட்டம் மூளையின் இடப்புறமும் வலப்புறமும் எந்த அளவுக்குச் சமச்சீர் இல்லாமல் கிளைக்கிறதோ, அந்த அளவுக்கு ஈ நேராக நடக்கிறது. அந்தக் கிளைப்பு மரபணுவில் எழுதப்படவில்லை. நேராக நடப்பவற்றை நேராக நடப்பவற்றோடு சேர்த்தாலும் பிள்ளைகள் அப்படிப் பிறப்பதில்லை. மூளை கட்டப்படும்போது நரம்பணுக்கள் இங்கே ஒரு கிளை, அங்கே ஒரு கிளை என்று விட்டதில் நேர்ந்த தற்செயல் அது.

நூலைப் போல சேலை என்றும் தொட்டில் பழக்கம் என்றும் சொல்லி வைத்த நம்மிடம் இந்த மூன்றாவதற்குப் பழமொழி இல்லை. மனச்சிதைவு நோய்க்கு மரபுப் பங்கு மிக அதிகம். ஆனாலும் ஒருகரு இரட்டையரில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கு வரும் வாய்ப்பு பாதிக்கும் குறைவு. வராத மற்றவரைப் பார்த்து “இவன் நல்லாத்தானே இருக்கான், நீ மட்டும் ஏன்?” என்று நோயாளியைக் கேட்கும் குடும்பங்கள் இருக்கின்றன. வளர்ப்பைக் குறைசொல்லித் தாய் தன்னையே நொந்துகொள்வதும் உண்டு. அந்தத் தாய்க்கு இந்தச் செய்தி போய்ச் சேர வேண்டும். பிள்ளைகளுக்கிடையே உள்ள வேறுபாட்டில் கணிசமான பங்கு யாருடைய தவறும் அல்ல.

இப்போது சில நாடுகளில் செயற்கைக் கருத்தரிப்பில் உருவான கருக்களின் மரபணு மதிப்பெண்ணை, அதாவது ஒரு பண்போடு தொடர்புள்ள மரபணு வேறுபாடுகளின் தாக்கங்களைக் கூட்டி வரும் எண்ணை, கணக்கிட்டு, எதை வைத்துக்கொள்வது என்று பெற்றோருக்கு ஆலோசனை விற்கிறார்கள். ஒற்றை மரபணுவால் வரும் கொடிய நோயைத் தவிர்க்க அப்படிச் செய்வதில் எனக்கு மறுப்பில்லை. அறிவையும் உயரத்தையும் அப்படித் தேர்ந்தெடுப்பதுதான் வேறு விஷயம். 2019இல் இஸ்ரேலிய ஆய்வாளர்கள் கணக்கிட்டபோது, பத்து கருக்களில் மதிப்பெண் மிகுந்ததைத் தேர்ந்தெடுத்தால் சராசரியைவிட எதிர்பார்க்கக்கூடிய லாபம் உயரத்தில் சுமார் இரண்டரை சென்டிமீட்டர், ஐக்யூவில் சுமார் இரண்டரை புள்ளி. பிள்ளைகள் பலர் உள்ள, அவர்களெல்லாம் வளர்ந்து ஆளாகிவிட்ட 28 குடும்பங்களை எடுத்து உயரத்தை நேரிலும் சோதித்தார்கள். மதிப்பெண்ணில் முதலில் வந்த பிள்ளையே வீட்டில் உயரமான பிள்ளையாக இருந்தது கால்வாசிக் குடும்பங்களில் மட்டும்தான். இத்தனைக்கும் உயரம் நாம் மிகத் துல்லியமாகக் கணிக்கக்கூடிய பண்புகளில் ஒன்று. பொறுமை, கனிவு, பிடிவாதம் என்று போனால் பாதை இன்னும் எத்தனையோ மடங்கு நீளம். மதிப்பெண் பார்த்து எடுக்கப்பட்ட ஒரு குழந்தை அந்த எதிர்பார்ப்பைச் சுமந்துகொண்டு வளரும் வீட்டில், அந்த எதிர்பார்ப்பே ஒரு சூழலாகிவிடும். அந்தச் சேவையை விற்பவர்களின் கணக்கில் அதற்கு இடமே ஒதுக்கப்படவில்லை.